எல்லாம் முதுகு

துருத்துப் போயா. கடை பூட்டு.
ஸ்டூடியோ லென்சை இரவல் வாங்கி
துவாயில் சுற்றி ஸ்கூட்டிப் பெட்டிக்குள் வைத்தேன்.
"கீறல் விழுந்தால் மூன்று மாதச் சம்பளம்"
என்றிருந்தார் ஜெகசோதி அண்ணர்.
நிலாவெளி தாண்டும்வரை
ஒவ்வொரு குழியும் அதையே சொன்னது.

இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அப்பால்
களப்போரம், கண்டல் வேர்களுக்கிடையில் குந்தினேன்.
சேறு செருப்பை வாங்கி வைத்துக்கொண்டது.
வாடைக்காற்று. விடியவில்லை.

முதலில் சத்தம்தான்,
இருட்டில் யாரோ ஈரத்துணி உதறுவதுபோல.
பிறகு கண் பழக
புள்ளியாய் இருந்ததெல்லாம் கழுத்து வைத்தது.
ஊசிவால் வாத்துகள் ஒரு நாற்பது.
புருவம் திருத்திய மாப்பிள்ளைகளாய் நீலச்சிறகிகள்.
தட்டைவாயன் ஒன்றே ஒன்று,
கரண்டியையும் கையோடு கொண்டுவந்த விருந்தாளி.
எண்ணினேன். பிழைத்தது. மறுபடி எண்ணினேன்.

கலியாண வீடுகளில் நான் சொல்வது இரண்டே சொல்:
நாடியைத் தூக்குங்கோ, சிரியுங்கோ.
இங்கே யாருக்குச் சொல்ல?
நான் லென்சைத் தூக்கினேன்.
கடன்காரனைக் கண்ட ஒழுங்கை
படலைகளைச் சாத்துவதுபோல
எல்லாம் ஒன்றாய்த் திரும்பின.
முதுகு. முதுகு. வால்.
ஒருதரம் வெறும் தண்ணீர்.

போன கிழமை அல்பம் ஒன்று.
மணப்பெண்ணுக்குப் பின்னால் அன்னம் வேணுமாம்.
திருக்கோணமலையில் அன்னத்துக்கு எங்கே போவது?
எந்தத் தேசத்து ஏரியிலோ
யாரோ எடுத்த இரண்டை
கழுத்தோரம் பிசிறில்லாமல் வெட்டி
உவர்மலைக் கடலில் மிதக்கவிட்டேன்.
நிழல் மற்றப் பக்கம் விழுந்துவிட்டது.
பாலையும் நீரையும் பிரிக்கிற பறவை
உப்புத் தண்ணீரில் என்ன செய்கிறதென்று
தாய்மாமன்கூடக் கேட்கவில்லை.
முழுக்காசும் தந்தார்கள்.

வெளிச்சம் வர அவள் வந்தாள்.
றிஸ்மியா. பெயர் பிறகுதான் தெரியும்.
இடுப்பில் கட்டிய பறி பின்னால் இழுபட
தொடையளவு தண்ணீரில்
இறால் தடவிக்கொண்டு, நேரே வாத்துகளுக்குள்.
போச்சு, எழும்பப்போகுது என்று நினைத்தேன்.
எழும்பவில்லை.
பஸ்ஸில் ஒருவர் முழங்காலை ஒதுக்குமளவு
ஊசிவால் ஒன்று ஒதுங்கியது. அவ்வளவுதான்.

கிட்ட வந்தபோது கேட்டேன்,
உங்களுக்கு மட்டும் ஏன் பயப்படுதில்லை?

"நான் எங்க அதுகளப் பாக்கிறன்? எனக்கு இறாலோட வேல."
பறியைக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"சுட வாறவனும் இப்பிடித்தான் குந்துவான்.
கறுப்பா, நீட்டா ஒண்ட வெச்சிக்கிட்டு."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மடியில் கிடந்ததைப் பார்த்தேன்.
எட்டாம் வகுப்புக் காலம். சந்தி.
மூட்டைகளுக்கு மேலே ஒரு குழல்
எங்கள் பக்கம் மெல்லத் திரும்பியது.
சைக்கிள்களைப் போட்டுவிட்டு
நாங்களும்
முதுகைத்தான் காட்டினோம்.

மூடியைப் போட்டேன்.
கால் மரத்தது. நுளம்பு கடித்தது.
யாரையும் குறிபார்க்காமல் சும்மா இருந்தேன்,
அது அவ்வளவு லேசில்லை.
நீலச்சிறகி ஒன்று மேய்ந்து மேய்ந்து
இரண்டு பாய் தூரத்துக்கு வந்தது.
கீழிமையை மேலே இழுத்துக் கண்ணை மூடியது.
நாங்கள் மேலிருந்து மூடுவோம், அது கீழிருந்து.
இத்தனை நாள் இது எனக்குத் தெரியாது.
படம் இல்லை.

ஐந்நூறு ரூபாய்க்கு இறால் வாங்கினேன்.
வீட்டில் வந்து பார்த்தால் முப்பத்தேழு படம்,
ஒன்றில் மட்டும் நடுவே றிஸ்மியாவின் முதுகு,
இரு பக்கமும் வழிவிட்ட வால்கள்.
மற்றதையெல்லாம் அழித்தேன்.

மறுநாள் ஜெகசோதி அண்ணர்
லென்சை லைட்டுக்குப் பிடித்து
ஒரு கீறலும் இல்லையென்று கண்டு,
மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்
ஒருதரம் மணந்துவிட்டு
என்னைப் பார்த்தார்.